'நான்' பொய் என்றால் அந்தப் பொய்யைச் சொல்வது யார்?

ஓர் இணைய இழையில் வந்த கேள்வி, 3 பிப்ரவரி (அடுத்து வருபவை அதற்கு நான் எழுதிய பதில்கள்)

"'நான்' என்று ஒன்று கிடையாது, அது மூளை காட்டும் மாயை என்று அறிவியல் நிரூபித்துவிட்டது. புத்தர் இதையே 2500 ஆண்டுகளுக்கு முன் அநத்தா என்று சொன்னார். இரண்டும் ஒன்றுதான். ஆனால் இதையெல்லாம் படித்துப் புரிந்துகொண்ட பிறகும் எனக்குள் இருக்கும் நான் இம்மியும் அசையவில்லை. மாயை என்று தெரிந்த பிறகும் அது ஏன் போக மாட்டேன் என்கிறது?"

3 பிப்ரவரி, இரவு 10.20

'நிரூபித்துவிட்டது' என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. எதை நிரூபித்தது? தலைக்குள் ஒரு முதலாளி உட்கார்ந்திருக்கிறார், கண் அனுப்புவதைப் பார்த்துக் கைக்கு உத்தரவு போடுகிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது தவறு. அதற்கு நிறையச் சான்று இருக்கிறது. அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி 'ஆகவே நீ இல்லை' என்பது அறிவியல் இல்லை, ஆர்வக்கோளாறு.

முதலாளி இல்லை என்பதற்கு நான் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் ஒன்று. வலிப்பு எந்த மருந்துக்கும் அடங்காமல் போன சிலருக்கு, மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டிவிடுவார்கள். ரோஜர் ஸ்பெர்ரி இவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளுக்குத்தான் 1981இல் நோபல் கிடைத்தது. அவருடைய மாணவர் மைக்கேல் கசானிகாவும் ஜோசஃப் லெடூவும் 1970களில் செய்த சோதனை இது. அறுவை செய்துகொண்ட ஒருவருக்கு, இடப் பாதி மட்டும் பார்க்கும்படி ஒரு கோழிக்கால் படம், வலப் பாதி மட்டும் பார்க்கும்படி பனி மூடிய வீடு. முன்னால் கிடக்கும் படங்களில் பொருத்தமானதை எடுக்கச் சொன்னார்கள். வலக்கையை இயக்குவது இடப் பாதி, இடக்கையை இயக்குவது வலப் பாதி. வலக்கை கோழியை எடுத்தது. இடக்கை பனி அள்ளும் மண்வாரியை எடுத்தது. இரண்டும் சரி.

ஏன் எடுத்தாய் என்று கேட்டபோதுதான் விஷயமே. பேசுவது இடப் பாதி. அது பனியைப் பார்க்கவே இல்லை. 'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழிக்காலுக்குக் கோழி, கோழிக்கூட்டைச் சுத்தம் செய்ய மண்வாரி என்று தயங்காமல் பதில் வந்தது. கசானிகா அந்தப் பகுதிக்கு 'உரையாசிரியர்' என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். மூலத்தைப் பார்க்காமலே உரை எழுதுகிற உரையாசிரியர்.

4 பிப்ரவரி

அது மூளையை வெட்டிக்கொண்டவர்கள் கதை, நமக்கென்ன என்று ஒருவர் கேட்கிறார். வெட்டாதவர்கள் கதையும் இருக்கிறது. 2005இல் பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் குழு செய்தது. இரண்டு முகப் படங்களைக் காட்டி எது அழகு என்று கேட்பார்கள். நீங்கள் ஒன்றைத் தொடுவீர்கள். கைவித்தைக்காரனைப் போல மற்றதை மாற்றிக் கொடுத்து, இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பார்கள். பெரும்பாலோர் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. கவனிக்காததோடு விடவில்லை, காரணமும் சொன்னார்கள். 'காதணி பிடித்தது' என்றார் ஒருவர். அவர் உண்மையில் தேர்ந்தெடுத்த முகத்தில் காதணியே கிடையாது.

இதைப் படித்த நாளிலிருந்து, 'நான் ஏன் அப்படிச் செய்தேன் தெரியுமா' என்று யார் ஆரம்பித்தாலும் எனக்கு லேசாகச் சிரிப்பு வருகிறது. என் வாயிலிருந்தே வரும்போது அவ்வளவாக வருவதில்லை.

6 பிப்ரவரி

லிபெட்டை மறந்துவிட்டேன். 1983. விரும்பிய நேரத்தில் விரலை அசைக்கச் சொல்லி, அசைக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்த கணத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளச் சொன்னார் பெஞ்சமின் லிபெட். எண்ணம் எழுந்தது அசைவுக்குச் சுமார் 200 மில்லி நொடி முன்பு. மூளையில் அதற்கான மின் அலை ஏறத் தொடங்கியதோ சுமார் 550 மில்லி நொடி முன்பு. நீங்கள் முடிவெடுப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிட்டது. வேறென்ன வேண்டும்?

7 பிப்ரவரி

நேற்று எழுதியதை அப்படியே விட மனம் வரவில்லை. லிபெட் கதையைப் பத்து வருடமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், முதலில் கேட்டபோது தலை சுற்றிய அதே உற்சாகத்தோடு. ஆனால் 2012இல் ஆரோன் ஷூர்கரும் அவர் கூட்டாளிகளும் வேறு விளக்கம் தந்தார்கள். மூளையில் எப்போதுமே இரைச்சல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. எப்போது அசைப்பது என்பதற்கு வேறு காரணம் எதுவும் இல்லாதபோது, அந்த இரைச்சல் தற்செயலாக உயரும் நேரத்தில் வரம்பைத் தாண்டி விரல் அசைகிறது. அசைந்த கணத்திலிருந்து பின்னோக்கிப் போய்ப் பல முறைகளின் சராசரியை எடுத்தால், அலை முன்பிருந்தே திட்டமிட்டு ஏறிவந்ததுபோலத் தெரியும். ஆக 550இல் முடிவு எடுக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. லிபெட்டே கடைசி நேரத்தில் 'வேண்டாம்' என்று தடுக்கும் உரிமையை மனிதனுக்கு விட்டுவைத்தார் என்பதையும் நான் வசதியாக மறந்திருந்தேன்.

கோழிக்கால் நிற்கிறது. லிபெட்டை மட்டும் என் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள்.

9 பிப்ரவரி

ரப்பர் கைச் சோதனையை வீட்டிலேயே செய்து பாருங்கள். 1998இல் போட்வினிக், கோஹன் என்ற இருவர் வெளியிட்டது. உங்கள் கையை அட்டைக்குப் பின்னால் மறைத்துவிட்டு, கண்ணெதிரே ஒரு ரப்பர் கை. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் தூரிகையால் வருடினால், சிறிது நேரத்தில் வருடல் ரப்பர் கையில் படுவதுபோல இருக்கும்.

என்னிடம் ரப்பர் கை இல்லை. பஞ்சு அடைத்த கையுறைதான். வருடியது அண்ணன் மகன். நம்பிக்கையே இல்லாமல்தான் உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம் கழித்து அந்தப் பயல் சொல்லாமல் கொள்ளாமல் சுத்தியலை எடுத்துக் கையுறையின் மேல் ஓங்கினான். அடி விழவிருந்தது பஞ்சுக்கு. அலறியது நான்.

வெறும் இரண்டு நிமிட வருடலுக்கு 'என் கை' என்ற உரிமை இடம் மாறுகிறது. பட்டா அவ்வளவு லேசானது.

12 பிப்ரவரி

ஒரு வாரமாக வேறொன்று மனதில் ஓடுகிறது. நரம்பியல் இல்லை, இலக்கணம்.

தமிழில் நான் நடக்கிறேன், நான் எழுதுகிறேன். ஆனால் பசிப்பது யார்? 'நான் பசிக்கிறேன்' என்று யாரும் சொல்வதில்லை. எனக்குப் பசிக்கிறது. எனக்கு வலிக்கிறது, தெரிகிறது, பிடிக்கிறது. எனக்குக் கோபம் வருகிறது, தூக்கம் வருகிறது, நினைவு வருகிறது. உள்ளே நடக்கிற காரியங்கள் பலவற்றில் 'நான்' எழுவாயாக வருவதே இல்லை. நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறது. கோபம் தானாக வருகிறது. 'எனக்கு' என்பது அது வந்து சேரும் விலாசம், அவ்வளவுதான். விலாசத்தில் ஆள் இருக்கிறாரா என்பதைப் பற்றி வாக்கியம் வாய் திறப்பதில்லை.

இதை வைத்துக்கொண்டு தமிழர்கள் பிறவியிலேயே பௌத்தர்கள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வினைமுற்றைப் பாருங்கள். 'நான்' என்பதை வெட்டி எறிந்தாலும் 'வந்தேன்' என்பதன் வாலில் அது ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அதோடு, நான், நாம் என்பவற்றுக்கு இலக்கணத்தில் பெயர் 'தன்மை'. குணத்துக்கும் அதே சொல். இதற்கு அர்த்தம் ஏதும் இருக்கிறதா, தற்செயலா என்று என்னைக் கேட்காதீர்கள். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

13 பிப்ரவரி

ரமணர் கேட்ட 'நான் யார்?' என்பதும் இதுவும் ஒன்றுதானே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. அந்த விசாரணை பொய் நானைக் களைந்து மெய் நானில் போய் நிற்கிறது. பௌத்தம் களைந்த பிறகு நிற்க இடம் தருவதில்லை. தோண்டும் விதம் ஒரே மாதிரி இருக்கலாம், அடியில் கிடைப்பது வேறு.

15 பிப்ரவரி

நான்காம் வேற்றுமை வாதத்துக்கு ஒருவர் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். சந்தோஷம். இந்த இழையில் இதுவரை வந்த எதிர்ப்புகளில் கனமானது இதுதான்.

13ஆம் நூற்றாண்டு, சிவஞானபோதம், மூன்றாம் சூத்திரம்: 'உளதுஇலது என்றலின் எனதுஉடல் என்றலின்' என்று தொடங்கி, உடலாகிய மாய இயந்திரத்துக்குள் ஆன்மா உண்டு என்று முடிகிறது. முதல் வாதம் கூர்மையானது. இதுவும் இல்லை, அதுவும் இல்லை என்று தள்ளிக்கொண்டே போகிறாயே, அந்த 'இல்லை'யை அறிந்து சொல்வது ஒன்று உளதல்லவா? அதுதான் உயிர். தலைப்பில் உள்ள கேள்வியும் கிட்டத்தட்ட இதேதான்.

இரண்டாவது வாதம், 'எனது உடல்' என்கிறாய், ஆகவே உடல் வேறு, உடையவன் வேறு. இது எனக்கு அவ்வளவு பிடிபடவில்லை. என் உயிர், என் ஆன்மா என்றும்தான் சொல்கிறோம். அப்போது அந்த ஆன்மாவை உடைய இன்னொரு ஆள் யார்? வேற்றுமை உருபை நம்பிச் சொத்து வாங்கக் கூடாது. (மூன்று நாள் முன்பு நானே அதைத்தான் வாங்கினேன் என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.)

முதல் வாதத்துக்கு வருகிறேன். கோழிக்காலைப் பார்த்தவர் வாயிலிருந்து 'நான் எடுத்தேன், இதனால் எடுத்தேன்' என்று வந்தது. சொல் வந்தது உண்மை, சொன்ன ஏதோ ஒன்று உண்டு என்பதும் உண்மை. ஆனால் தன்னைப் பற்றி அது தந்த தகவல் தப்பு. சொல்பவர் உண்டு என்பதால் சொல்பவர் தன்னைப் பற்றிச் சொல்லும் கதையும் உண்மையாகிவிடாது. என்னால் இவ்வளவுதான் பதில் சொல்ல முடிகிறது. மெய்கண்டார் இதில் திருப்தி அடைந்திருக்க மாட்டார்.

16 பிப்ரவரி

அதே சூத்திரத்தில் 'கண்படில் உண்டிவினை இன்மையின்' என்று ஒரு வாதம். தூக்கத்தில் மூச்சு ஓடுகிறது, நுகர்வும் செயலும் இல்லை, ஆகவே மூச்சு உயிராகாது. எனக்கு மயக்க மருந்து கொடுத்தது ஞாபகம் வந்தது. எண்ணச் சொன்னார்கள். ஏழு வரை எண்ணினேன். எட்டு சொல்ல வாயெடுத்தபோது 'முடிந்துவிட்டது' என்றார்கள். மூன்று மணி நேரம் போயிருந்தது. தூங்கி எழுந்தால் தூங்கிய உணர்வாவது இருக்கும். இதில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் எதுவுமே இல்லை, இருட்டுகூட.

20 பிப்ரவரி

இனி புத்தர். கேள்வியில் உள்ள 'புத்தர் நான் இல்லை என்றார்' என்பதும் அவ்வளவு நேரான விஷயம் இல்லை.

சம்யுத்த நிகாயம் என்ற பாலி நூலில் வச்சகோத்தர் என்ற துறவி வந்து கேட்கிறார்: ஆன்மா உண்டா? புத்தர் பேசவில்லை. அப்படியானால் ஆன்மா இல்லையா? அதற்கும் பேசவில்லை. வந்தவர் எழுந்து போய்விட்டார். சீடர் ஆனந்தருக்குப் பொறுக்கவில்லை, ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்கிறார். உண்டு என்றால் என்றுமுள்ளது என்பவர்களோடு சேர்ந்ததாகும், இல்லை என்றால் எல்லாம் அழிந்துபோகும் என்பவர்களோடு சேர்ந்ததாகும் என்கிறார் புத்தர். பிறகு சொல்வதுதான் எனக்குப் பிடித்தது. ஏற்கெனவே குழம்பிப் போனவர், இல்லை என்று சொல்லியிருந்தால் 'முன்பு எனக்கு இருந்த ஆன்மா இப்போது போய்விட்டதே' என்று இன்னும் குழம்பியிருப்பார்.

ஐந்து சீடர்களுக்குச் சொன்ன இரண்டாம் பேருரையிலும் வாதம் வேறு விதம். இந்த உருவம் நானாக இருந்தால், 'இப்படி ஆகு, அப்படி ஆகாதே' என்றால் கேட்க வேண்டுமே? கேட்பதில்லை. ஆகவே இது என்னுடையது அல்ல, இது நான் அல்ல. மனிதன் என்பது ஐந்து கூறுகளின், அதாவது ஐந்து கந்தங்களின், தொகுப்பு. இப்படியே அந்த ஐந்தையும் எடுத்துப் பார்க்கிறார். அந்த ஐந்துக்கும் தமிழில் பெயர் இருக்கிறது. மணிமேகலை உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்கிறது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது இல்லை என்று கீழே வைக்கச் சொல்கிறார். எல்லாம் வைத்த பிறகு மிச்சம் என்ன என்ற கேள்விக்குத்தான் மௌனம்.

பௌத்தர்களுக்கே இந்த மௌனம் தாங்கவில்லை. கந்தங்களோடு ஒன்றும் அல்லாத, வேறும் அல்லாத ஒரு 'புத்கலம்' (ஆள்) உண்டு என்று ஒரு பிரிவே கிளம்பியது. வசுபந்து என்ற பௌத்த அறிஞர் அவர்களை மறுக்கத் தனி அத்தியாயம் எழுத வேண்டியிருந்தது.

21 பிப்ரவரி

உடம்பின் செல்கள் எல்லாம் 7 ஆண்டுகளில் மாறிவிடுகின்றன, ஆகவே பழைய நான் இல்லை என்று ஒருவர். அது வதந்தி. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14ஐ வைத்துச் செல்லின் வயதைக் கணக்கிட்டார்கள். பெருமூளைப் புறணியின் நரம்புச் செல்கள் ஏறக்குறைய நம்மோடு பிறந்தவை. வேடிக்கை என்னவென்றால் புத்தரும் உடம்பின் பக்கம்தான் பேசுகிறார். நான் என்று எதையாவது பிடித்துக்கொள்வதென்றால் மனத்தைவிட உடம்பைப் பிடித்துக்கொள்வது மேல், உடம்பாவது நூறாண்டு நிற்கக் காண்கிறோம், மனம் இரவும் பகலும் கிளைக்குக் கிளை தாவும் குரங்கு என்கிறார்.

24 பிப்ரவரி

'அப்படியானால் திருடியவன் அந்த நான் இப்போது இல்லை என்று தப்பிக்கலாமா?' முடியாது. மிலிந்தன் என்ற கிரேக்க அரசன் நாகசேனர் என்ற பிக்குவிடம் இதைக் கேட்டுவிட்டான். ஒருவன் மாம்பழத்தைத் திருடிவிட்டு, நீ நட்டது வேறு மாம்பழம், நான் பறித்தது வேறு என்றால் விடுவாயா என்று நாகசேனர் திருப்பிக் கேட்டார். இதிலிருந்து அது வந்தது, போதும்.

2 மார்ச்

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தொடர்ந்து தூக்கம் கெட்டுப்போன ஒரு காலத்தில், மூன்று வாரம் எனக்கு 'நான்' இல்லாமல் போனது. பேசுவேன், குரல் வேறெங்கோ இருந்து வரும். கை பாத்திரத்தைக் கழுவும், அது கழுவுவதை நான் வேடிக்கை பார்ப்பேன். கண்ணாடியில் இருப்பவர் பரிச்சயமானவர்தான், ஆனால் நான் என்று தோன்றாது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உலகம். பைத்தியம் இல்லை, எல்லாம் அறிவுக்குத் தெரியும். ஒட்டவில்லை, அவ்வளவுதான். மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். ஆள்தன்மை இழப்பு என்று தமிழாக்கிக்கொள்ளலாம். தூக்கம் சரியானதும் மெல்ல விலகியது.

இந்த இழையில் இரண்டு பேர் 'நான் கரைந்தால் பேரானந்தம்' என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு நான் கரைந்தது. ஆனந்தம் எதுவும் இல்லை. வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. எப்போது திரும்பி வரும், வராமலே போய்விடுமா என்று நாள் முழுக்க அதையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆடும் பல்லை நாக்கு விடாமல் தொடுவதுபோல.

அப்போது புரியாதது இப்போதுதான் புரிகிறது. போனது 'எனது' என்ற உணர்வு. பற்று போகவில்லை, இரண்டு மடங்கானது. ரப்பர் கைக்கு மாறியதும், என் கையிலிருந்து போனதும் மூளை தயாரிக்கும் ஓர் உணர்வு. அதைக் கூட்டலாம், குறைக்கலாம், இடம் மாற்றலாம். அறிவியல் கையாள்வது அந்த உணர்வைத்தான். புத்தர் கைவைத்தது வேறு இடத்தில். மணிமேகலை சொல்லும் பன்னிரண்டு நிதானங்களில், அதாவது ஒன்றிலிருந்து ஒன்று தோன்றும் காரணச் சங்கிலியில், 'நான்' என்று ஒரு கண்ணியே கிடையாது. பேதைமை, செய்கை என்று தொடங்கி நுகர்வு, வேட்கை, பற்று, பவம் என்று போகிறது. வேட்கைக்கும் பற்றுக்கும் நடுவில்தான் அவருக்கு வேலை. எனக்கு உணர்வு அறுந்தது, சங்கிலி அறவில்லை.

அதனால் கேள்வியில் இருந்த 'இரண்டும் ஒன்றுதான்' என்பதை நான் ஏற்கவில்லை. பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே வீடு இல்லை.

3 மார்ச்

தியானம் செய்பவர்களின் மூளையில் 'நான்' பகுதி அணைந்துவிடுகிறதாமே என்கிறார்கள். சும்மா இருக்கும்போது தன்னைப் பற்றியும் நேற்று நாளையைப் பற்றியும் அசைபோடும் ஒரு வலைப்பின்னலை மார்க்கஸ் ரெய்க்கிள் குழு 2001இல் விவரித்தது. நெடுநாள் தியானிகளிடம் அதன் முக்கிய மையங்கள் அடங்கியிருந்ததாக 2011இல் ஓர் ஆய்வு வந்தது. அடங்கியது அசைபோடல். அதை 'நான்' என்று பெயர் மாற்றியது தலைப்பு எழுதியவர்கள்.

9 மார்ச்

கேள்வி கேட்டவர் பொறுமையாகத் திரும்பி வந்து, எல்லாம் சரி, ஏன் போகவில்லை என்பதற்கு இன்னும் பதில் வரவில்லையே என்கிறார். நியாயம்.

1889இல் முல்லர்-லையர் வரைந்த இரண்டு கோடுகள் எல்லாருக்கும் தெரியும். ஒன்றில் அம்புமுனை உள்நோக்கி, மற்றதில் வெளிநோக்கி. அளவுகோல் வைத்து அளந்து, சமம் என்று தெரிந்துகொண்டு, மறுபடி பார்த்தாலும் ஒன்று நீளமாகத்தான் தெரிகிறது. கண்ணுக்கு அளவுகோலின் தீர்ப்பு போய்ச் சேர்வதில்லை.

கேமகர் என்ற பிக்குவின் கதை இன்னும் நெருக்கமானது. நோயில் படுத்திருக்கிறார். மூத்த பிக்குகள் தாசகர் என்பவரைத் தூதனுப்பிக் கேட்கிறார்கள்: ஐந்து கந்தங்களில் எதையாவது நான் என்று காண்கிறீரா? இல்லை. அப்படியானால் நீர் முழுதாக விடுபட்டவரா? அதுவும் இல்லை. தூதர் போகிறார், வருகிறார், போகிறார், வருகிறார். கடைசியில் பொறுக்க முடியாமல் நோயாளியே கம்பை ஊன்றிக்கொண்டு நேரில் போய்விடுகிறார். போய்ச் சொல்கிறார்: இதுதான் நான் என்று எதையும் நான் சொல்வதில்லை. ஆனால் 'இருக்கிறேன்' என்பது போகவில்லை. தாமரையின் மணம் இதழுக்கா, நிறத்துக்கா, மகரந்தத்துக்கா? பூவுக்கு என்றுதான் சொல்ல முடியும். அதுபோல.

வெளுத்த துணி உவமையும் அவருடையதுதான். உவர்மண், சாம்பல்நீர் எல்லாம் போட்டு வெளுத்தாயிற்று, அழுக்கு இல்லை. ஆனால் வெளுத்த வாடை துணியில் நிற்கிறது. வாசனைப் பெட்டிக்குள் கொஞ்ச நாள் வைத்தால்தான் போகும்.

ஆக நீங்கள் படித்தது அளவுகோல். துணிக்கு வெளுப்புக்கூட இன்னும் ஆகவில்லை. எனக்கும்தான். கேமகர் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவரும் கேட்டுக்கொண்டிருந்த அறுபது மூத்த பிக்குகளும் விடுபட்டார்கள் என்று அந்தக் கதை முடிகிறது. இந்த இழையில் அப்படி யாருக்கும் நேர்ந்ததாகத் தகவல் இல்லை.

10 மார்ச்

நான்காம் வேற்றுமை பற்றி நான் எழுதிய குறிப்பை ஒருவர் அப்படியே எடுத்துத் தன் பெயரில் வேறிடத்தில் போட்டிருக்கிறார். விலாசம் உவமைக்கு அவருக்கு ஏகப்பட்ட பாராட்டு. பார்த்ததும் கோபம் வந்தது.

எனக்குத்தான்.